தானாகக் கண்டுபிடிக்கும் அலுவலகம்

தருமபுரியில் மாவட்ட இணையச் சேவை ஒருங்கிணைப்பு முகமை என்று ஒன்று இருந்தது. அதன் பெயர்ப்பலகை அலுவலகத்தைவிட அகலம். கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்து ஜெராக்ஸ் கடையின் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தன. அதனால் அந்தக் கடைக்காரரும் தன்னை அதிகாரியாகவே நினைத்துக்கொண்டு, வருகிறவர்களை நிற்க வைத்துத்தான் பேசுவார்.

முகமையின் கையில் பதினான்கு சேவைகள் இருந்தன. காரிமங்கலம் சந்தையில் கடை போட இடம் பிடிக்கலாம். மாட்டுக்கு ஊசி போட நாள் வாங்கலாம். வாடகை டிராக்டருக்குச் சொல்லி வைக்கலாம். எல்லாம் போனிலேயே. இந்தப் பதினான்கும் ஒரே சர்வரில் பதினான்கு கன்டெய்னர்களுக்குள் ஓடின. கன்டெய்னர் என்றால் ஒவ்வொரு சேவைக்கும் தனியாகத் தடுத்துக் கொடுத்த அறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அறைகளுக்கெல்லாம் முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்றொரு வாசல்காரன் நின்றான். சந்தை என்று கேட்டு வருகிறவரைச் சந்தை அறைக்கும், டிராக்டர் என்று கேட்டு வருகிறவரை டிராக்டர் அறைக்கும் அனுப்புவது அவன் வேலை.

ஒரு தொல்லை இருந்தது. ஓர் அறை நின்றுபோய் மறுபடி எழுந்தால் அதற்குப் புது எண் வந்துவிடும். வாசல்காரன் கையிலோ பழைய எண். ஆட்களை இல்லாத அறைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். யாராவது போய் அவனுடைய பட்டியலில் எண்ணை மாற்ற வேண்டும்.

அந்த யாராவதுதான் வேளாங்கண்ணி; வாசல்காரனை அங்கே நிறுத்தியதும் அவள்தான். ஒப்பந்தக் கணினி உதவியாளர், வயது இருபத்தாறு. பாப்பாரப்பட்டியைத் தாண்டி ஒரு மாதா கோயில் ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து எண்ணை மாற்றுவாள். மாற்றி முடிப்பதற்குள் வேறொன்று நின்றிருக்கும். இயக்குநர் தீர்த்தகிரி அவளை “ஏம்மா” என்று கூப்பிட்டார். கண்காணிப்பாளர் நிர்மலாதேவி “கம்ப்யூட்டர்” என்று கூப்பிட்டார். வருகைப் பதிவேட்டில் மற்றவர்களின் பெயர் மையில் இருந்தது; அவள் பெயர் பென்சிலில் இருந்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு அதுதான் வழக்கம்.

மூன்றாம் வருடம் அவள் ஒரு காரியம் செய்தாள். பத்தொன்பது நாள் உட்கார்ந்து, அறைகளைத் தானாகக் கண்டுபிடிக்க வாசல்காரனுக்குக் கற்றுக் கொடுத்தாள். ஒவ்வொரு அறையின் நெற்றியிலும் ஒரு லேபிள். அறை எழுந்ததும் வாசல்காரன் லேபிளைப் படிப்பான், வழியைத் திறப்பான். அறை நின்றால் மறந்துவிடுவான். லேபிள் இல்லாத அறை அவன் கண்ணுக்கே தெரியாது. அன்றிலிருந்து சேவைகள் நின்றால் அரை நிமிடத்தில் வந்தன. யாரும் முதல் பஸ் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இது தீர்த்தகிரிக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, எந்த ரூம் எங்க இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லலீங்க சார். அதுவே கண்டுபிடிச்சுக்கும்.”

“யாரு அனுமதியில?”

வேளாங்கண்ணி தன் ஊரை வைத்து விளக்கினாள். “எங்க ஊர்ல ஏழு வேளாங்கண்ணி இருக்காங்க சார். மில் வேளாங்கண்ணி, ரெட்டமாட்டு வேளாங்கண்ணி, போர்வெல் வேளாங்கண்ணி, இப்படி ஆளுக்கொரு ஒட்டுப்பேரு. வூடு மாறிப் போனாக்கூட, ஒட்டுப்பேரு இருந்தா தபால் சரியா வந்துரும். இந்த லேபிளும் அந்த மாதிரிதாங்க.”

“ஏழு பேரா? உங்க ஊர்ல வேற பேரே கெடைக்கலியா?” என்று தீர்த்தகிரி சிரித்தார். அவர் சிரித்ததால் நிர்மலாதேவியும் சிரித்தார். அந்த ஏழில் நீ எந்த வேளாங்கண்ணி என்று இருவரும் கேட்கவில்லை.

மறுநாளே முதல் சுற்றறிக்கை வந்தது. அறை எழுவதும் நிற்பதும் பணியிட மாறுதலுக்குச் சமம் என்று தீர்த்தகிரி கண்டுபிடித்திருந்தார். எனவே, நிற்கும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பணிவிடுப்பு ஆணை வழங்கப்பட வேண்டும். எழும் ஒவ்வொரு கன்டெய்னரும் பணியில் சேர்ந்த அறிக்கை தர வேண்டும். அதில் முற்பகலா பிற்பகலா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கன்டெய்னர்களுக்கு எழுதத் தெரியாததால் அவற்றின் சார்பில் கம்ப்யூட்டர் எழுதலாம். கம்ப்யூட்டர் என்றால் வேளாங்கண்ணி.

முதல் வாரம் சமாளித்தாள். இரண்டாம் வாரம் காரிமங்கலம் சந்தை நாள் வந்தது. மாட்டு வியாபாரிகள், தக்காளிக்காரர்கள், வளையல் கடைக்காரர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போனைத் தட்ட, சந்தைக் கன்டெய்னர் விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. காலை ஆறிலிருந்து பத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. வாசல்காரன் அலுக்காமல் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவையும் கண்டுபிடித்தான். வேளாங்கண்ணி அறுநூற்று இருபத்து நான்கு தாள் எழுதினாள். தாள் தீர்ந்து, ஜெராக்ஸ் கடையிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வர வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை சந்தைக் கன்டெய்னருக்கு விதி 17பி-யின் கீழ்க் குற்றக் குறிப்பாணை வந்தது. முன்அனுமதியின்றி அடிக்கடி பணியிடத்தை விட்டு நீங்கியது ஏன், பதினைந்து நாளுக்குள் விளக்கம் தருக. குறிப்பாணையை நிர்மலாதேவியே கொண்டுவந்து சர்வர் பெட்டியின் மேல் செல்லோ டேப்பால் ஒட்டினார். பெற்றுக்கொண்டதற்கு வேளாங்கண்ணி கையெழுத்துப் போட்டாள்.

“மெமரி பத்தலீங்க சார். அதனாலதான் விழுவுது. கொஞ்சம் சேத்துக் குடுத்தா நின்னுக்கும்” என்று அவள் விளக்கம் கொடுத்தாள்.

“இதெல்லாம் ஒரு காரணமாம்மா?” என்றார் தீர்த்தகிரி. “எனக்குந்தான் மெமரி பத்தல. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாச்சும் நான் சீட்ட வுட்டு எந்திரிச்சனா?”

அவர் எழுந்ததில்லை என்பதை நிர்மலாதேவி உடனே உறுதி செய்தார்.

ஜனவரியில் இரண்டாம் சுற்றறிக்கை வந்தது. லேபிள் இல்லாத எதுவும் இம்முகமையைப் பொறுத்தவரை இல்லாததாகவே கருதப்படும். கண்டறியப்பட விரும்பும் ஒவ்வொன்றும் ‘கண்டறிதல் விண்ணப்பம்’ என்ற படிவத்தில் மூன்று பிரதிகள் தர வேண்டும். ஒவ்வொரு லேபிளிலும் அனுமதிக் காலம் குறிக்கப்பட வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால் எல்லா லேபிள்களின் ஆயுளும் மார்ச் 31-ல் முடியும்.

“சார், தேதி தாண்டுனா வாசல்ல எதுவுமே தெரியாதுங்க. பதினாலும் ஒண்ணா நின்னுரும்” என்றாள் வேளாங்கண்ணி.

“அதெல்லாம் தானாப் புதுப்பிச்சுக்கும்மா. ஆட்டோமேட்டிக்னு நீதான சொன்ன?”

“கண்டுபிடிக்கறது மட்டுந்தாங்க சார் ஆட்டோமேட்டிக். தேதி நாம போடறது.”

“எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம். பதினான்கு சேவைகளின் பெயரையும், நிற்கப்போகும் நாளையும் நேரத்தையும் அட்டவணை போட்டிருந்தாள். தீர்த்தகிரி அதன் ஓரத்தில் பச்சை மையால் ‘பார்த்தேன்’ என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்து, கோப்பில் சேர்க்கச் சொன்னார். ஒரு தாளைப் பார்த்துவிட்டால் அதிலுள்ளது நடந்து முடிந்த மாதிரி என்பது முகமையின் நம்பிக்கை. வேளாங்கண்ணி தாளை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு உத்தரவுப்படி பதினான்கு லேபிள்களிலும் தேதியைப் போட்டாள். தேதி தாண்டியவற்றைப் பார்க்காதே என்று வாசல்காரனுக்கும் சொல்லி வைத்தாள்.

மார்ச் மாதம் அவளுடைய ஒப்பந்தமும் முடிந்தது. தானாக நடக்கும் அலுவலகத்துக்கு ஆள் தேவையில்லை என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். அவளுக்கு அது பெரிய வருத்தமில்லை. ஓசூரில் ஒரு கம்பெனி அவளை நேர்காணலில் எடுத்துவிட்டது. அவர்களும் கன்டெய்னர்காரர்கள்தான், அவள் செய்ததைக் கேட்டுவிட்டு, ஏப்ரல் பத்துக்குள் அனுபவச் சான்று மட்டும் கொண்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான் என்றார்கள். ஒரே ஒரு தாள். மூன்று வருடம் எல்லாருக்கும் தாள் எழுதியவளுக்கு ஒரு தாள்.

முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் தீர்த்தகிரியின் மேசைமுன் நின்றாள்.

“அனுபவச் சான்றா? என்ன அனுபவம்?”

“ப்ராக்ஸி நான் போட்டதுங்க சார். தானாக் கண்டுபிடிக்கற மாதிரி.”

“அதத்தாம்மா நானும் கேக்கறேன். தானாக் கண்டுபிடிக்குதுன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. தானா நடக்கறதுல உன்னோட அனுபவம் எங்க வருது?”

“அதத் தானா நடக்க வெச்சது நான்தாங்க சார்.”

“சிஸ்டத்துல உம்பேரு எங்கியாவது இருக்குதா? கண்காணிப்பாளரம்மா, இருக்குதா?”

நிர்மலாதேவி பதிவேட்டைத் திறந்தார். கடைசி வரிசையில் பென்சிலில் இருந்த பெயரை ரப்பரால் மெதுவாக அழித்தார். தூசியை வாயால் ஊதினார். “இல்லீங்க சார்” என்றார்.

வேளாங்கண்ணி பாஸ்வேர்டுகளை உறையிலிட்டு, ஒட்டி, ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். உறை பீரோவுக்குள் போனது. பாப்பாரப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்தபோது மணி ஐந்து நாற்பது. மார்ச் முடிய இன்னும் ஆறு மணி இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டாள். பக்கத்து சீட்டு அம்மாளின் கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் கேட்டு வாங்கிக் கடித்தாள். நல்ல பழம்.

ஏப்ரல் முதல் தேதி முகமையில் விழா. ‘மனிதக் கை படாத நிர்வாகம்’ என்று துணிப்பலகை கட்டியிருந்தார்கள். அதைக் கட்ட ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள். சென்னையிலிருந்து செயலர் பெரிய திரையில் தோன்றினார். விழா நேரலையாகவும் போனது. அதை வேளாங்கண்ணி தன் ஊரில், சித்தப்பா சவரியின் டீக்கடையில், போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துப் பார்த்தாள்.

தீர்த்தகிரி பேசினார். “நான் இந்தத் துறையில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வேலை தானாக நடக்க வேண்டும். நாம் அதற்குத் தலைமை தாங்க வேண்டும். இந்த அமைப்பை உருவாக்கியவர் யார் என்று கேட்கிறார்கள். யாருமில்லை என்று பெருமையோடு சொல்கிறேன். இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. நான் உட்பட.”

கைதட்டல். செயலர் அங்கிருந்தே பொத்தானை அழுத்தினார். சந்தைச் சேவை திரையில் விரிந்தது. வெள்ளைத் திரை, நடுவில் கொட்டை எழுத்தில் 404.

வாசல்காரன் அறையைப் பார்க்கவில்லை என்றால் சொல்லும் எண் அது. அரங்கில் யாருக்கும் அது தெரியாது. பிறகு தீர்த்தகிரி மைக்கைப் பிடித்தார். “தொடங்கிய நொடியிலேயே நானூற்று நான்கு பயனாளிகள்!”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. டிராக்டர் சேவையைத் திறந்தார்கள். 404. “அதிலும் அதே எண்ணிக்கை! பாரபட்சமில்லாத வளர்ச்சி!” என்றார் தீர்த்தகிரி. மாட்டு ஊசி. 404. நிர்மலாதேவி குறிப்பேட்டில் நானூற்று நான்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது சேவையில் செயலர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ்டர் தீர்த்தகிரி, இது பயனாளிகள் இல்லை. எதுவும் இல்லைன்னு அர்த்தம். மாலை அஞ்சு மணிக்குள்ள எல்லாச் சேவையும் வரணும். வரலைன்னா நீங்க சென்னைக்கு வாங்க.”

டீக்கடையில் சவரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேளாங்கண்ணி போனை அணைத்தாள். “சித்தப்பா, இன்னும் ஒரு மணி நேரத்துல ஜீப்பு வரும். என் வூட்டக் கேப்பாங்க.”

“வந்தா?”

“மொதல்ல மத்த ஆறு பேரு வூட்டையும் காட்டுங்க.”

பீரோவைத் திறந்து உறையைக் கிழித்துப் பார்த்தவர்கள், பாஸ்வேர்டு இருந்தும் அதை எங்கே அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போன் எண் அலுவலகத்தில் இல்லை. பென்சிலோடு அதுவும் போயிருந்தது. பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. டிரைவர் மாது ஓட்ட, முன்னால் தீர்த்தகிரி, பின்னால் நிர்மலாதேவி. அவர் கைப்பையில் முகமையின் முத்திரை, மடியில் வருகைப் பதிவேடு.

“இங்க வேளாங்கண்ணி வூடு எதுங்க?”

“எந்த வேளாங்கண்ணிங்க?” என்றார் சவரி.

தீர்த்தகிரி நிர்மலாதேவியைத் திரும்பிப் பார்த்தார். நிர்மலாதேவி மாதுவைப் பார்த்தார். மாது ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

“அந்தக் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணுங்க.”

“இப்பல்லாம் இங்க எல்லாத்துக்கும் தெரியுதுங்க. ஒட்டுப்பேரு சொன்னாத்தான் வூடு காட்ட முடியும். மூணு வருசம் ஒண்ணா வேலை செஞ்சீங்களாமே, அது தெரியாதுங்களா?”

தெரியாது. ஆகவே அறைஅறையாகத் தேடினார்கள். மில் வேளாங்கண்ணி இரவு ஷிப்ட் முடிந்து தூங்கினாள். அவள் எழும்வரை வேப்பமரத்தடியில் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். எழுந்து வந்தவள், “நான் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி படுக்கப் போனாள். ரெட்டமாட்டு வேளாங்கண்ணி, பேசுவதற்கு முன்னால் கன்றுக்குட்டியின் கயிற்றைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று தீர்த்தகிரியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. கன்று அவரை இரண்டு சுற்று சுற்ற வைத்தது. போர்வெல் வேளாங்கண்ணி ஆண். மீசையும் வைத்திருந்தார். நான்காவது வேளாங்கண்ணி சந்தைக்கு இடம் பதிய முடியாமல் காலையிலிருந்து கோபத்தில் இருந்தவள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் தெருவே கூடும்படி பேசினாள். ஐந்தும் ஆறும் திருவிழாக் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தேடி வந்தவர்களும் கோயிலுக்குப் போனார்கள். கோயிலின் கொடிமரத்தை ஒட்டிய வீட்டு வாசலில் ஏழாவது வேளாங்கண்ணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மணி மூன்றே கால்.

“ஏம்மா, இங்கியா இருக்க? ஊரெல்லாம் தேடுறோம். வா, ஜீப்புல ஏறு.”

“வரலாங்க சார். ஆனா லேபிள் இல்லாதது இல்லாததுன்னு சர்க்குலர் போட்டிருக்கீங்க. எனக்கு லேபிள் இல்லீங்களே.” அவள் மடியிலிருந்து மூன்று படிவங்களை எடுத்து நீட்டினாள். கண்டறிதல் விண்ணப்பம். அவருடைய படிவம்தான். “மூணு பிரதிங்க சார். கார்பன் வெச்சு எழுதக் கூடாதுன்னு குறிப்பு இருக்குது.”

தீர்த்தகிரி தன் முட்டிமேல் வைத்து எழுதினார். கண்டறியப்பட வேண்டியவர் பெயர்: வேளாங்கண்ணி. லேபிள்?

“கொடிமரத்து வேளாங்கண்ணிங்க சார்.”

எழுதினார். கண்டறிய வேண்டிய காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. வேளாங்கண்ணி காத்திருந்தாள். கொடிமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. கடைசியில், ‘இவர் ஒருவருக்கே வேலை தெரியும்’ என்று எழுதினார். கண்டறிந்த முறை, தானாகவா கையாலா என்ற இடத்தில் ‘கையால்’ என்று குறியிட்டார். மூன்று தடவை.

பிறகு அனுபவச் சான்று. முகமையின் பெயர் அச்சிட்ட தாள் நிர்மலாதேவியின் பையில் இருந்தது. தீர்த்தகிரி ‘தானியங்கி முறையில்’ என்று தொடங்கினார். “அதை அடிச்சிருங்க சார்” என்றாள். அடித்தார். “அடிச்சது சான்றுல வேணாங்க. வேற தாள்ல எழுதுங்க.” எழுதினார். முகமையின் ப்ராக்ஸியை வடிவமைத்து, அமைத்து, மூன்றாண்டு நடத்தியவர் ச. வேளாங்கண்ணி. பச்சைக் கையெழுத்து. முத்திரை. அவள் படித்தாள், மடித்தாள், வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள்.

“அம்மா, நீங்களும் ஒண்ணு செய்யணும்” என்று நிர்மலாதேவியைப் பார்த்தாள். “பதிவேட்டுல எம்பேர எழுதணும். மையில.”

பதிவேடு ஜீப்பிலேயே இருந்தது. அழித்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்ததால் மை ஊறி அடுத்த நான்கு பக்கத்துக்கும் இறங்கியது.

அப்புறம் நிர்மலாதேவி நீட்டிய பாஸ்வேர்டு உறையை வாங்கிக்கொண்டு, அவள் லேப்டாப்பைத் திறந்தாள். “சார், ரெண்டு வழி இருக்குது. ரெண்டாம் சர்க்குலர ரத்து பண்ணி ஒரு கையெழுத்துப் போடுங்க, தேதியவே எடுத்துர்றேன். இனி என்னைக்கும் நிக்காது.”

தீர்த்தகிரி யோசித்தார். “ரத்து பண்ணுனா, மொதல்ல போட்டது தப்புன்னு ஆயிரும். ஆடிட்ல கேப்பாங்க. வருஷத்த மட்டும் மாத்து.”

“அடுத்த வருசம் இதே நாள்ல மறுபடி நின்னுருங்க சார்.”

“அப்பப் பாத்துக்கலாம்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். அவள் வருடத்தை மாற்றினாள். வாசல்காரன் கண்ணைத் திறந்தான்; பதினான்கு அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்றரை நிமிடம்.

“அவ்ளோதானா?” என்றார் தீர்த்தகிரி.

“அவ்ளோதாங்க சார்.”

அவள் ஓசூருக்குப் போனாள். அங்கே அவள் பெயர் முதல் நாளே அச்சில் இருந்தது. அடுத்த மார்ச் ஒன்றாம் தேதி, தீர்த்தகிரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு நினைவூட்டல் அனுப்பினாள். பழைய ஒன்றரைப் பக்கமும் அவர் எழுதிக் கொடுத்த தாளும் இணைப்பு. ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பின்னால் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்றிருந்தது.

ஏப்ரல் முதல் தேதி பதினொன்றே முக்காலுக்கு அவள் போனில் சவரி வந்தார்.

“ஜீப்பு வந்திருக்குது கண்ணு. அதே ஆளுங்கதான். இந்தத் தடவ வெவரமா, கொடிமரத்து வேளாங்கண்ணின்னு எழுதியே கொண்டாந்திருக்காங்க. வூடு பூட்டியிருக்குது, ஆளு எங்கன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

கேன்டீனில் சாப்பாட்டு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வேளாங்கண்ணி தட்டை எடுத்துக்கொண்டாள்.

“வெயில்ல வந்திருப்பாங்க, டீ குடுங்க சித்தப்பா” என்றாள். “குடிச்சதும் மில் வேளாங்கண்ணி வூட்டுல இருந்து ஆரம்பிங்க.”